கரு ஒன்றென்றால் கதை ஒன்றா?

ஓர் அனிமே தொடரில் மனதைப் பறிகொடுத்த ரசிகருக்கு அடுத்து எதைக் காட்டுவது என்ற கேள்விக்குச் சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். கருவைப் பிடி, அதே கரு கொண்ட இன்னொரு தொடரைக் கையில் கொடு, வேலை முடிந்தது என்கிறார். எழுதியவர் யார், இயக்கியவர் யார், எப்படி வரைந்திருக்கிறார்கள், எந்த நிதானத்தில் சொல்கிறார்கள் என்பவை எல்லாம் பண்டிதர்களின் பொழுதுபோக்காம். கரு என்பது உயிர், மற்றவை உடுப்பு. சான்றுக்கு ஒரு நீண்ட பட்டியலையும் இணைத்திருக்கிறார். பழிவாங்கல் என்ற தலைப்பில் 'அட்டாக் ஆன் டைட்டன்' பார்த்தவர்களுக்கு 'வின்லாண்ட் சாகா'. போரில் சிக்கிய குழந்தைகள் என்ற தலைப்பில் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' பார்த்து அழுதவர்களுக்கு 'பேர்ஃபுட் ஜென்'. உலகைத் திருத்தப் புறப்படும் புத்திசாலிப் பையன் என்ற தலைப்பில் 'டெத் நோட்', உடனே 'கோட் கியாஸ்'. இப்படியே இரண்டு பக்கம். பட்டியலில் உள்ள படைப்புகளில் பெரும்பாலானவை நான் நேசிப்பவை. அவற்றை மளிகைக் கடை டப்பா போல வரிசையாக அடுக்கிச் சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருக்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்த உயிர், உடுப்பு விவகாரம். தமிழில் எழுதுகிற ஒருவர் இதைச் சொல்லலாமா? அகப்பாட்டுக்கு உரிப்பொருள் ஐந்தே ஐந்து என்று வகுத்து வைத்த மொழி இது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். அதற்குமேல் ஆறாவது கிடையாது. தலைவன் போய்விட்டான், தலைவி காத்திருக்கிறாள் என்ற ஒற்றைக் கருவை வைத்துக்கொண்டு எத்தனை புலவர்கள் எத்தனை பாட்டுப் பாடியிருக்கிறார்கள்? கருவே உயிர் என்றால் குறுந்தொகையின் நானூறு பாட்டையும் ஐந்தாகச் சுருக்கிவிட்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடலாமே! எறிய முடியாததற்குக் காரணம், ஒரு பாட்டில் அந்தி எப்படி இறங்குகிறது, எந்த மரம் பூக்கிறது, எந்தப் பறவை எந்த நேரத்தில் குரல் கொடுக்கிறது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதில்தான் அந்தப் பிரிவு மற்றெல்லாப் பிரிவுகளிலிருந்தும் வேறாகிறது. கரு பொதுச்சொத்து, கவிதை ஒருவருடையது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தீர்த்துவைக்கப்பட்ட ஒன்றை ஜப்பானிய அனிமேயை முன்வைத்து மறுபடி குழப்புகிறவருக்கு என்ன பதில் சொல்வது? அவருடைய உதாரணங்களையே எடுத்துக்கொள்கிறேன். அவை அவருக்கு எதிராகச் சாட்சி சொல்வதைப்போல வேறெதுவும் சொல்லாது.

'அட்டாக் ஆன் டைட்டன்', 'வின்லாண்ட் சாகா'. இரண்டிலும் ஒரு சிறுவன் பெற்றவரைக் கண்முன்னே இழக்கிறான், பழிதீர்க்கக் கிளம்புகிறான். கதைச்சுருக்கத்தின் முதல் வரி இதுதான். நண்பர் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார். ஹஜிமே இசயாமா 2009இல் தொடங்கிய மாங்காவும் 2013இலிருந்து 2023வரை வந்த அனிமேயும் பார்வையாளரைப் பத்தாண்டுகள் கட்டிப்போட்டது பழியுணர்ச்சியால் மட்டுமா? மதில்களுக்கு அப்பால் என்ன இருக்கிறது, நிலவறையில் என்ன இருக்கிறது, நமக்குச் சொல்லப்பட்ட வரலாற்றில் எது பொய் என்ற புதிர்தான் அதன் முதுகெலும்பு. ஒவ்வொரு விடையும் முந்தைய நம்பிக்கையைத் தரைமட்டமாக்கிக்கொண்டே போகும். 'வின்லாண்ட் சாகா'வில் புதிரே கிடையாது. 11ஆம் நூற்றாண்டின் வட ஐரோப்பா, கனூட் அரசன், டேனியர்களின் இங்கிலாந்துப் படையெடுப்பு எல்லாம் வரலாற்றில் இருப்பவை. யார் கொன்றது, ஏன் கொன்றது என்பது ஆரம்பத்திலேயே தெரியும். அங்கே கேள்வி வேறு: கொல்வதைத் தவிர வேறொன்றும் தெரியாமல் வளர்ந்த ஒருவன் எப்படி வாழ்வது? 2019இல் வந்த முதல் சீசன் முடிகிறபோது பழிவாங்கல் என்பதே நாயகன் தோர்ஃபினின் கையைவிட்டுப் போய்விடுகிறது. 2023இல் வந்த இரண்டாம் சீசனில் அவன் டென்மார்க்கில் ஒரு பண்ணையடிமை. காட்டை வெட்டிக் கழனியாக்குகிறான், கோதுமை விதைக்கிறான், இரவில் தான் கொன்றவர்களைக் கனவில் காண்கிறான். பகைமை குறித்துத் தந்தை சிறுவயதில் சொன்ன ஒரு சொல்லின் பொருள் அவனுக்கு அந்த மண்ணில்தான் விளங்குகிறது. பழிவாங்கும் வெறியைத் தேடி வந்த ரசிகருக்கு இதைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? வாளைக் கீழே வைத்தவனைப் பார்த்துக் கொட்டாவி விடுவார். அது அவருடைய குற்றமுமில்லை, அதைப் படைத்த மகோடோ யுகிமுராவின் குற்றமுமில்லை. தவறான வீட்டுக்கு வழிகாட்டியவரின் குற்றம்.

இங்கே நண்பர் தன் வாயாலேயே மாட்டிக்கொள்கிறார். 'வின்லாண்ட் சாகா'வைப் பரிந்துரைத்த அடுத்த வரியில், இரண்டாம் சீசன் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கை போடுகிறார். பட்டியல் நெடுக இதே கதைதான்: இது பழைய வரைகலை, இதில் வசனம் அதிகம், இது ஐந்தாவது எபிசோட்டுக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். வேகமும் வரைகலையும் வெறும் உடுப்பு என்றால், ஒவ்வொரு பரிந்துரைக்கும் பின்னால் உடுப்பைப் பற்றி ஏன் இத்தனை மன்னிப்பு? இந்தக் கரு ஒன்றுதான், ஆனாலும் உனக்குப் பிடிக்காமல் போகலாம் என்று தானே அஞ்சுகிறார் அல்லவா? அந்த அச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் படைப்பு இருக்கிறது. அதை அவர் உள்ளூர அறிந்தே இருக்கிறார். கோட்பாடு குலைந்துவிடும் என்பதால் எச்சரிக்கை வரிகளுக்குள் ஒளித்துவைக்கிறார்.

'வின்லாண்ட் சாகா'வில் மனம் தோய்ந்தவருக்கு நான் கொடுப்பது 'பிளானடெஸ்'. அதே யுகிமுரா 1999 முதல் 2004 வரை வரைந்த மாங்கா. 2003இல் கோரோ தனிகுச்சி இயக்கத்தில் சன்ரைஸ் ஸ்டூடியோ 26 எபிசோட்களாக ஆக்கியது. கதை 2075இல் நடக்கிறது. பூமியைச் சுற்றும் பாதையில் மிதக்கும் குப்பையைப் பொறுக்குகிற தொழிலாளர்கள்தான் நாயகர்கள். நிறுவனத்துக்குள்ளேயே ஏளனமாகப் பார்க்கப்படும் பிரிவு அது. ஒரு சின்னத் திருகாணி பயணிகள் கலத்தின்மேல் மோதி மனைவியைப் பறித்துவிட, அந்தத் துக்கத்தோடு அதே வேலையில் இருக்கிறான் யூரி. சொந்தமாக ஒரு விண்கலம் வாங்கிவிட வேண்டும், வியாழனுக்குப் போகும் குழுவில் இடம்பிடிக்க வேண்டும், அதற்காக யாரையும் எதையும் உதறிவிடலாம் என்று இறுகிக்கொண்டே போகிறான் ஹச்சிமகி. வாளேந்திய வைக்கிங் சிறுவனும் விண்வெளித் துப்புரவுத் தொழிலாளியும் எந்தச் சீட்டின்கீழும் ஒன்றுசேர மாட்டார்கள். ஆனால் ஒருவனைச் சுற்றியிருப்பவர்களிடமிருந்து அறுத்தெடுக்கும் வைராக்கியத்தை யுகிமுரா முதலில் எவ்வளவு அழகாகக் காட்டுகிறார், பிறகு எவ்வளவு பொறுமையாக அதை உடைக்கிறார், உடைந்த இடத்தில் என்ன முளைக்கிறது என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்குத் தெரியும். ஒரே மனிதர், ஒரே மனச்சாட்சி, இரண்டு யுகங்கள்.

நண்பர் 'பிளானடெஸை' எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? விண்வெளிச் சாகசம் என்ற தலைப்பில், 'கௌபாய் பீபாப்'புக்கு அடுத்து. குப்பை பொறுக்கப் போகிறவர்களின் சம்பளத் தகராறும் காப்பீட்டுப் படிவமும் மேலாளரின் அடக்குமுறையும் நிரம்பிய தொடரைச் சாகசம் என்று வகைப்படுத்த ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும்? பார்க்காமலிருக்கும் தகுதி ஒன்று போதும்.

இந்த இடத்தில் அவர் துள்ளிக் குதிப்பார்: பார்த்தீர்களா, நீங்களும் வன்முறையைத் துறத்தல், தனிமையை உடைத்தல் என்று கருவைத்தானே பேசுகிறீர்கள்! இல்லை. அவர் சொல்லும் கரு படைப்பைத் திறப்பதற்கு முன்பே, பின்னட்டையிலிருந்தே எடுக்கக்கூடியது. நான் சொல்வது இரண்டு படைப்புகளையும் கடைசிவரை பார்த்தபின் மட்டுமே கைக்கு வரும் உறவு. ஒன்று கதை எதைப் பற்றியது என்று கேட்கிறது. மற்றது, அதைச் சொல்லும் கண் எங்கே நிற்கிறது, எதை விட்டு விலகாமல் பார்க்கிறது என்று கேட்கிறது. முன்னதற்கு விடைசொல்லப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அடுத்து, அவர் மிகவும் பெருமிதத்தோடு முன்வைக்கும் ஜோடி. இசாவோ தகஹதாவின் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' 1988இல் வந்தது. கெய்ஜி நகஸாவா 1973இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கிய மாங்காவிலிருந்து 'பேர்ஃபுட் ஜென்' 1983இல் படமானது. இரண்டிலும் 1945, இரண்டிலும் குண்டு, இரண்டிலும் பசி, இரண்டிலும் குழந்தைகள். ஆகவே இரண்டும் ஒன்று என்கிறார். நகஸாவா ஆறு வயதில் ஹிரோஷிமாவில் இருந்தவர். தந்தையையும் உடன்பிறந்தோரையும் அங்கே பறிகொடுத்தவர். அவருடைய ஜென் கத்துகிறான், சண்டை போடுகிறான், போரை எதிர்த்ததால் துரோகி என்று ஏசப்பட்ட அப்பாவின் சொல்லைத் தூக்கிப் பிடிக்கிறான், முன்பின் தெரியாத அநாதைப் பையனைத் தம்பியாக்கிக்கொள்கிறான். மிதிபட்டும் நிமிரும் கோதுமைப் பயிர்தான் அந்தப் படைப்பின் நாடி. தகஹதாவின் செய்தாவோ படம் தொடங்கும்போதே இறந்துவிட்டான். கோபே நகரின் சன்னோமியா ரயில் நிலையத்தில், போர் முடிந்த அடுத்த மாதம், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு பையனாக. அதன் பிறகு வருவதெல்லாம் அந்தச் சாவை நோக்கிய பாதை. அத்தையோடு மனத்தாங்கல், ரோஷம், தங்கையைக் கூட்டிக்கொண்டு குளக்கரைப் பதுங்குகுழிக்குக் குடிபோதல். தங்களுக்கென ஒரு குட்டி உலகத்தைக் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து விலகிப்போன இரண்டு குழந்தைகளின் கதை இது, வெறும் போரெதிர்ப்புப் படமாக இதை எடுக்கவில்லை என்று தகஹதா பல முறை சொல்லியிருக்கிறார். இப்படிச் சொன்னவர் போரை அறியாதவரா? 1945 ஜூன் 29 அன்று ஒகயாமா நகரம் எரிந்தபோது ஒன்பது வயதுச் சிறுவனாக அந்தத் தீயினூடே ஓடியவர். மூலக்கதையை 1967இல் எழுதிய அகியுகி நொசாகாவோ, பட்டினியில் போய்விட்ட தன் தங்கையைக் காப்பாற்ற முடியாத குற்றவுணர்வில் எழுதினார். ஒன்று, மனிதரோடு சேர்ந்து பிழைத்துக் கிடப்பதன் உக்கிரம். மற்றது, மனிதரைவிட்டு விலகியதன் விலை. திசைகள் நேர் எதிரானவை. போர் என்ற சீட்டு அந்த எதிர்த்திசையை அப்படியே மறைத்துவிடுகிறது.

'ஃபயர்ஃபிளைஸ்' பார்த்தவரை உலுக்கியது எது என்று கேட்டுப் பாருங்கள். குண்டுவீச்சு என்று சொல்பவர் குறைவு. காலியான மிட்டாய் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடிப்பது, தங்கை செத்சுகோ மண்ணைப் பிசைந்து சோற்றுருண்டை போல வைப்பது என்றுதான் சொல்வார்கள். ஒரு குழந்தையின் விரலும் உட்காரும் விதமும் எப்படியிருக்கும் என்று ஆயிரம் முறை பார்த்து வரையவைத்த கை அது. அந்தக் கையின் அடுத்த வேலை 1991இன் 'ஒன்லி யெஸ்டர்டே'. 27 வயதுப் பெண் டோக்கியோவிலிருந்து யமகதா மாநிலத்துக்குக் குசும்பப்பூ பறிக்கப் போகிறாள். கூடவே அவளுடைய ஐந்தாம் வகுப்பு நினைவுகளும் வருகின்றன. வீட்டில் முதல்முறையாக அன்னாசிப்பழம் அறுத்து எல்லோரும் ஏமாறும் அந்தக் காட்சியும் வருகிறது. போர் இல்லை, சாவு இல்லை, எனவே நண்பரின் பட்டியலில் இடமும் இல்லை. ஆனால் செத்சுகோவைப் பார்த்துக் கலங்கிய கண்ணுக்கு அடுத்த உணவு அதுதான். இன்னொன்றும் சொல்கிறேன். 1988 ஏப்ரல் 16 அன்று 'ஃபயர்ஃபிளைஸ்' வெளியானபோது அதே டிக்கெட்டில் காட்டப்பட்ட இன்னொரு படம் மியாஸாகியின் 'மை நெய்பர் டோடோரோ'. தாய் அருகில் இல்லாத இரண்டு குழந்தைகள், தங்கையைத் தாங்கும் மூத்தது. இரண்டிலும் நிலைமை அதேதான், ஆனால் ஒன்றில் ஊரே திரண்டு தங்கையைத் தேடுகிறது, மற்றதில் யாரும் தேடுவதில்லை. இந்த ஜோடிக்கு ஈடாக ஒன்றை ஒருவர் தலைப்புவாரிப் பட்டியலிலிருந்து உருவாக்கிக் காட்டட்டும்.

ரசிகன் தன்னைத் தொட்டது மறுபடி வேண்டும் என்றுதான் கேட்கிறான், கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்பது நண்பரின் இரண்டாவது வாதம். தொட்டது எது என்று யார் முடிவு செய்வது? 'டெத் நோட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 அக்டோபரில் தொடங்கி 37 எபிசோட்கள் ஓடியது. அதே மாதம்தான் 'கோட் கியாஸ்'ஸும் தொடங்கியது. மூன்று பேர் 'டெத் நோட்'டில் மயங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருத்திக்குப் பிடித்தது அந்த ஆட்டம்: குறிப்பேட்டின் விதிகள் எபிசோட்டுக்கு நடுவே ஒவ்வொன்றாகத் திரையில் வருவதும், அந்த விதிகளுக்குள்ளேயே நாயகன் லைட்டும் அவனைத் துரத்தும் எல்லும் ஒருவரையொருவர் மூலைக்குத் தள்ளுவதும். அவளுக்கு 'கைஜி'யைத்தான் கொடுப்பேன். கடனாளிகளைக் கப்பலில் ஏற்றிக் காகிதம், கல், கத்தரிக்கோல் ஆட்டத்தைச் சீட்டுகளை வைத்து ஆடவைக்கிறார்கள். கடவுளுமில்லை, குறிப்பேடுமில்லை, உலகத்தைத் திருத்துகிறவனுமில்லை, விதிகளும் வியர்வையும்தான். இரண்டாமவனை ஆட்கொண்டது முகமூடி: வீட்டில் ஒருவன், வெளியே ஒருவன், இரண்டுக்கும் நடுவே நெருங்கியவர்களை ஏமாற்றும் வலி. அவனுக்கு 'கோட் கியாஸ்' சரி, அங்கே நண்பரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நாடிழந்த இளவரசனாக, பார்வையற்ற தங்கைக்காகக் கிளம்பும் லெலூஷும், எந்தக் காயமும் இல்லாமல் சலிப்பினாலேயே தொடங்கும் லைட்டும் ஒரே வகைப் பையன்கள் என்பதைத் தொடரைப் பார்த்தவர் யாரும் ஏற்கமாட்டார். மூன்றாமவள் உண்மையிலேயே கலங்கிப்போனவள்: கெட்டவர்களைக் கொன்றால் உலகம் நன்றாகும் என்ற வாதம் தனக்கே ஒரு கணம் சரியென்று பட்டதை நினைத்து. அவளுக்கு நவோகி உராசாவாவின் 'மான்ஸ்டர்' ஒன்றே விடை. டுஸ்ஸெல்டார்ஃப் நகரில் மேயரை விட்டுவிட்டு ஒரு சிறுவனுக்கு அறுவை சிகிச்சை செய்து பிழைக்கவைத்த டாக்டர் தென்மா, அந்தச் சிறுவன் யாராக வளர்ந்தான் என்று பின்னாளில் அறிகிறார். ஒரே ஒருவனைக் கொல்ல வேண்டும், அதற்கான எல்லா நியாயமும் இருக்கிறது, முடியவில்லை, 74 எபிசோட்கள். 'டெத் நோட்' கேட்ட கேள்வியை மறுகரையில் நின்று கேட்கும் படைப்பு அது. மூன்று பேருக்கும் 'கோட் கியாஸ்' என்று ஒரே மருந்து எழுதுகிறவர் அவர்கள் நாடியைப் பிடித்துப் பார்த்தாரா?

'எவாஞ்செலிய'னுக்கு 'ராஸெஃபோன்' என்று எழுதியிருப்பதை நீட்டி முழக்கத் தேவையில்லை. சிறுவன், பெரிய எந்திரவுடல், அழிவு, விளங்காத பெரியவர்கள். இருபது வருடமாக எல்லோரும் சொல்வதை அவரும் சொல்கிறார். 2002இல் வந்த யுதகா இஸுபுச்சியின் தொடர் தனக்கேயான இசைக்கனவு. அதன் வேர் 1975இன் 'ரைடீன்' வரை போகிறது. ஹிடேயாகி அன்னோ 1995இல் செய்ததை மறுபடி தேடுகிறவர் போக வேண்டிய இடம், அதே அன்னோ 1998இல் இயக்கத் தொடங்கிய 'கரே கானோ'. முழுக்கப் பள்ளிக்கூடக் காதல் கதை. திரையை நிறைக்கும் எழுத்துகள், அசையாமல் நிற்கும் சட்டகங்கள், பென்சில் கோடுகளாக உதிரும் காட்சி, மற்றவர் கண்ணில் தான் யார் என்ற அரிப்பு, ஷிரோ சகிசுவின் இசை என்று 'எவாஞ்செலிய'னின் கடைசி இரண்டு எபிசோட்களில் ரசிகர்களைத் திகைக்கவைத்த எல்லாமே எந்திரமனிதர்களைக் கழித்துவிட்டு அங்கே இருக்கின்றன. காதல் என்ற டப்பாவுக்குள் போய்விட்டதால் நண்பர் கைக்கு அது எட்டவில்லை.

இவற்றையெல்லாம்கூட ரசனை வேறுபாடு என்று விட்டுவிடலாம். மன்னிக்கவே முடியாத ஒன்றையும் செய்திருக்கிறார். 2011 ஜனவரியில் தொடங்கிய 'மடோகா மாஜிகா' பற்றிய குறிப்பில், அதன் கரு இன்னதென்று ஒரே வரியில் போட்டு உடைத்துவிட்டு, அதே கரு கொண்டவை என்று நான்கு பெயர்களை அடுக்கியிருக்கிறார். குழந்தைகளின் சித்திரப் புத்தகம் போன்ற மென்மையான முகங்களை உமே ஆஓகியிடம் வரைந்து வாங்கி, விளம்பரத்திலும் அந்த மென்மையையே காட்டி, பார்ப்பவரை மூன்றாவது எபிசோட்வரை நம்பவைத்து அழைத்துப்போகிறது அந்தத் தொடர். அங்கே நடப்பதை இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதில்லை. கருவைச் சொல்லிப் பரிந்துரைத்தால் அந்த எபிசோட் செத்துவிடும். பட்டியலில் உள்ள மற்ற நான்கின் திருப்பங்களும் அதே வரியில் அம்பலமாகிவிட்டன. ஐந்து படைப்புகளின் குரல்வளையை ஒரே வாக்கியத்தில் நெரித்திருக்கிறார். மேலே நானும் கதைகளைத் தொட்டுப் பேசியிருக்கிறேன், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான். கருவே அடையாளம் என்று நம்புகிறவருக்கு நிறுத்துமிடம் என்று ஒன்று இருக்கவே முடியாது.

'மடோகா'வை நேசித்தவரை அதை எழுதிய கென் உரோபுச்சியின் 'ஃபேட் ஸீரோ'வுக்கும் 'சைக்கோ பாஸ்'ஸுக்கும் அனுப்பலாம். மந்திரவாதிகளின் போர் ஒன்று, வருங்காலப் போலீஸ் மற்றது. மூன்றிலும் யாரோ ஒருவர் எத்தனை பேரைக் காக்க எத்தனை பேரைப் பலியிடலாம் என்று கூட்டிக் கழித்துப் பார்க்கிறார், கணக்கில் பிழையே இருப்பதில்லை, அதுதான் பயங்கரம். இதைச் சொன்னதால் எந்தத் திருப்பமும் கெட்டுப்போகாது.

இயந்திரங்களே கருவை வைத்துத்தான் பரிந்துரைக்கின்றன, நான் மட்டும் என்ன தவறு செய்தேன் என்று விஞ்ஞானத்தையும் துணைக்கு அழைக்கிறார். தெரியாத துறையில் கால்வைப்பதற்கு முன் விசாரித்திருக்கலாம். 2006இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் பரிந்துரை முறையை 10 சதவீதம் மேம்படுத்துவோருக்கு 10 லட்சம் டாலர் என்று போட்டி அறிவித்தது. 2009இல் பரிசு கொடுத்தது. போட்டியாளர்களுக்குத் தரப்பட்டது 10 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்கள். யார், எந்தப் படத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை மதிப்பெண். படத்தைப் பற்றித் தந்தது பெயரும் வெளியான ஆண்டும் மட்டுமே. கரு என்று ஒரு பத்தியே கிடையாது. இன்றும் அந்த முறைகளின் முக்கிய அடித்தளம், உன்னைப்போல் பார்த்தவர்கள் வேறு எதைப் பார்த்தார்கள் என்பதே. இயந்திரம் பார்வையாளரைக் கவனிக்கிறது. படைப்பு தனக்குப் புரியும் என்று அது சொல்லிக்கொள்வதில்லை. நண்பரோ இரண்டையும் கவனிக்காமல் இயந்திரத்தின் பெயரில் சத்தியம் செய்கிறார்.

மேட்டிமைத்தனம் என்ற வசை மிச்சமிருக்கிறது. இயக்குநர் பெயர் சொல்வது சாதாரண ரசிகரைப் பயமுறுத்துமாம். எந்தச் சாதாரண ரசிகரை? 2025இல் 'டெமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ் டப்பிங்கோடும் திரையரங்குகளுக்கு வந்தபோது வரிசையில் நின்ற பிள்ளைகளில் பலருக்கு யூஃபோடேபிள் என்ற ஸ்டூடியோவின் பெயர் தண்ணீர்பட்ட பாடு. 1984இன் 'நௌசிகா'வில் உருகி விழும் அந்த ராட்சதப் போர்வீரனை வரைந்த இளைஞர்தான் பின்னாளில் 'எவாஞ்செலியன்' எடுத்த அன்னோ என்று ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். அன்று இரவே தேடிப் பார்த்துவிடுவான். பெயர்கள் அவனுக்குக் கதவுகள். அவனால் அவ்வளவுதான் தாங்க முடியும், தின்றதையே மறுபடி கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்தான் அவனைக் கீழே வைக்கிறார். ஸ்டூடியோ பெயரைக் கும்பிடச் சொல்பவன் அல்ல நான். 'வின்லாண்ட் சாகா' முதல் சீசன் விட் ஸ்டூடியோவிலும் இரண்டாவது மாப்பாவிலும் உருவானது; இயக்கிய ஷுஹெய் யபுதா மாறவில்லை, படைப்பின் மனமும் மாறவில்லை. எந்தப் பெயர் பொருட்படுத்தத் தக்கது, எது வெறும் முத்திரை என்று பிரித்துச் சொல்லத்தான் எழுதுகிறவன் இருக்கிறான்.

பிறகு ஏன் இந்தக் கோட்பாட்டை இத்தனை ஆவேசத்தோடு பிடித்துத் தொங்குகிறார்? காரணம் பட்டியலிலேயே இருக்கிறது. 'முஷிஷி'யைப் பேய் வேட்டைத் தொடர்களின் வரிசையில் வைத்திருக்கிறார். அதன் நாயகன் கின்கோ எதையும் வேட்டையாடுவதில்லை. முஷி என்னும் அந்த விசித்திர உயிர்களும் வாழத்தான் வாழ்கின்றன என்று பல நேரம் அவற்றை விட்டுவிட்டு, மனிதரை வேறு வழியில் தேற்றிவிட்டு நடையைக் கட்டுகிறான். முதல் சீசனின் 26 எபிசோட்களில் எந்த இரண்டைப் பார்த்திருந்தாலும் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. 'பிளானடெஸ்' சாகசம், 'முஷிஷி' வேட்டை, 'வின்லாண்ட்' பழிவாங்கல்: மூன்றும் கதைச்சுருக்கத்தை அரைக்கண்ணால் படித்தவருக்கு மட்டுமே நேரும் தவறுகள். கருவே எல்லாம் என்ற கொள்கை நிலைத்தால்தான் பார்க்காமலே பரிந்துரைக்கலாம். மாதத்துக்கு ஒரு பட்டியல் போடலாம். பரிந்துரை பிடிக்கவில்லை என்று வாசகர் வந்து நின்றால், கரு ஒன்றுதானே, உங்களுக்குத்தான் ரசனை போதவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பொறுப்பிலிருந்து விடுதலை தரும் கொள்கையை யார்தான் விடுவார்?

இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கட்டுரையைச் சவாலோடு முடித்திருக்கிறார். இருக்கிறது. பார்த்து முடித்தவரிடம், எந்த இடத்தில் நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்த்தாய் என்று கேட்க வேண்டும். காட்டு வெட்டில் தோர்ஃபின் வேரைப் பிடுங்க முடியாமல் விழும் இடம் என்று சொல்பவருக்கு ஒன்று, கப்பல் சண்டை என்று சொல்பவருக்கு வேறொன்று. 'அட்டாக் ஆன் டைட்ட'னில் அந்த நிலவறைக் கதவு என்று ஒருவர் சொன்னால், எல்லைக்கு அப்பால் என்ன என்ற கேள்வியோடு வளரும் பிள்ளைகளின் கதையான 'ஷின்செகாய் யோரி'யை எடுத்துக் கொடுப்பேன். மனோசக்தித் தொடர் என்ற சீட்டின்கீழ் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. இப்படிக் கேட்டுக் கொடுக்க வாசகரின் பதிலைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், கைவசம் உள்ள ஒவ்வொரு தொடரையும் கடைசி எபிசோட்வரை பார்த்திருக்க வேண்டும். நண்பரின் இரண்டு பக்கங்களில் இந்த இரண்டில் ஒன்றுக்கும் தடயமில்லை. 'பிளானடெஸ்' முழுவதும் 26 எபிசோட்கள்தான். அதைப் பார்த்துவிட்டு அவர் அடுத்த பட்டியலை எழுதட்டும், பதில் சொல்கிறேன்.